முருகேசன் திருடவில்லை

முருகேசன் எதையும் திருடவில்லை. திருடினான் என்று உங்களிடம் சொன்னவன் நான். அது பொய்.

'கொட்டாய் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அதன் கதையையும் என் வாயால்தான் கேட்டிருப்பீர்கள். தருமபுரியில் இரண்டு நண்பர்கள், தமிழ் ராக் பாட்டுகளை வெளியிடச் சொந்தமாக ஒரு லேபிள் ஆரம்பித்தார்கள். பாட்டுகள் ஊர் தாண்டிப் போயின. ஒரு நாள் நண்பர்களில் ஒருவன், எல்லாப் பாட்டுகளும் இருந்த ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டான். லேபிள் அத்தோடு முடிந்தது... இதுதான் நான் சொன்ன கதை.

எத்தனையோ பேட்டிகளில் சொல்லிவிட்டேன். "கூடவே இருந்தவன் செஞ்சான்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பேன். எதிரில் இருப்பவர் தலை குனிந்துகொள்வார். நீங்களும் எனக்காக வருந்தியிருக்கிறீர்கள். அந்த வருத்தத்தை நான் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் சகாயம். டவுனில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம். கிட்டார் கற்றுக்கொண்டது கோயில் பாடகர் குழுவில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுக்கு நடுவே நானாக எதையாவது வாசித்து வைப்பேன். அருட்சகோதரி திரும்பி முறைப்பார்.

முருகேசன் அதியமான்கோட்டைக்காரன். நிலமுள்ள விவசாயக் குடும்பம். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பான். பெங்களூரில் ராக் கச்சேரி என்று கேள்விப்பட்டால் இருவரும் பஸ் ஏறிவிடுவோம். திரும்பி வரும்போது முன்சீட்டுக் கம்பியில் அவன் தாளம் போடுவான், கண்டக்டர் வந்து திட்டும்வரை.

நாங்களும் பாட்டுக் கட்டினோம். பதிவு செய்து சென்னையில் இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு அனுப்பினோம். ஒருவர் மட்டும் போனில் பேசினார். இசை நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தக் கிராமத்துப் பேச்சில் ராக் பாடினால் யார் கேட்பார்கள், கொஞ்சம் பொதுவான தமிழில் எழுதிப் பாருங்கள் என்றார்.

முருகேசன் போனை வாங்கி, "நாங்க இப்பிடித்தாங்க பேசுவோம்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நம்மளே வெளியிடலாமாடா?"

லேபிள் பிறந்த கதை அவ்வளவுதான். அவன் கேட்டான், நான் சரி என்றேன். பேட்டிகளில் இந்த இடத்தையும் நான் மாற்றியிருக்கிறேன். கேட்டது நான் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் தோட்டத்தில் ஒரு பட்டுப்புழு ஷெட் சும்மா கிடந்தது. கிணற்றில் தண்ணீர் குறைந்ததும் அவன் அப்பா மல்பெரியை அழித்துவிட்டுப் புளியங்கன்று வைத்திருந்தார். நீள ஷெட். ஜன்னல்களில் ஈ நுழையாத வலை. புழு கூடு கட்டுவதற்கென்று வைக்கும் பெரிய மூங்கில் தட்டுகள் மூலையில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைச் சுவர் முழுக்க மாட்டினோம். எதிரொலி அடங்கிவிட்டது. பிளீச்சிங் பவுடர் வாசனை மட்டும் கடைசிவரை போகவில்லை.

எங்கள் பக்கம் நிலத்தில் போடும் குடிசைக்குக் கொட்டாய் என்று பெயர். நான்கு வீடு சேர்ந்தால் அந்த ஊருக்கே கொட்டாய் என்று பெயர் வந்துவிடும். லேபிளுக்கு முருகேசன் அந்தப் பெயரை வைத்தான். விதியும் அவன்தான் போட்டான்.

"பாட்டு பாடுனவங்களுது. நம்ம வெளியிடறதோட சரி. நாளைக்கு வேற எடத்துல கூப்ட்டாங்கன்னா அவங்க போலாம், பாட்டையும் எடுத்துக்கிட்டுப் போலாம். சரியாடா?"

"சரிடா" என்றேன். அப்போது அதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அப்போது எங்களிடம் எடுத்துக்கொண்டு போகும்படி எதுவும் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் கிட்டார் பிடித்தவர்கள், கத்தத் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த ஷெட்டுக்கு வந்து பாடினார்கள். சிடி வாங்க ஆள் கிடையாது. அதனால் பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் அட்டை அடித்து, ஹைவே கடைகளில் தொங்கவிட்டோம். லாரிக்காரர்கள் வாங்கினார்கள். எங்கள் முதல் ரசிகர்கள் அவர்கள்தான். ஒருவர் திரும்பி வரும்போது கடையில் வண்டியை நிறுத்தி, "அந்தப் பொண்ணு பாடுச்சே, அந்தம்மா பாட்டு வேற இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

அந்தப் பெண் கௌரி.

கௌரி பென்னாகரத்துக்குப் பக்கம். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். ஒகேனக்கல்லில் அவள் அம்மா மீன் வறுத்து விற்றார்; அண்ணன் பரிசல் ஓட்டினான். அவள் தருமபுரியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி விழாவில் பாடியதைக் கேட்டு முருகேசன்தான் அழைத்து வந்தான். முதல் நாள் தோழி ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மைக் முன்னால் நின்றாள்.

"எப்பிடிண்ணா பாடணும்?"

"உங்களுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிங்க" என்றான் முருகேசன்.

அவளே எழுதிய பாட்டு. காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். சுற்றுலாக்காரர்கள் வரமாட்டார்கள். மீனும் விற்காது. நாடே அருவியின் அழகை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கரையில் அடுப்பு எரியாது.

'தண்ணி ஏறுது தண்ணி ஏறுது
எங்கூட்டு அடுப்பு எரியல...'

மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது முறை அந்த வரி வந்தபோது குரல் கிழிந்தது. முருகேசன் அடித்த அடியில் டிரம் குச்சி உடைந்தது. ஹைவேயில் போன ஒரு லாரியின் ஹாரன் நடுவில் புகுந்துவிட்டது. நாங்கள் அதை நீக்கவில்லை. இன்றும் அந்தப் பதிவில் அந்த ஹாரன் இருக்கிறது.

அந்த ஒரு பாட்டால்தான் எங்களை நாலு பேருக்குத் தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து அழைத்தார்கள், புதுச்சேரியிலிருந்து அழைத்தார்கள். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? கௌரி பாடினாள் என்று தோன்றவில்லை. நாம் கண்டுபிடித்தோம் என்று தோன்றியது. போகப் போக, நான் கண்டுபிடித்தேன் என்று.

பென் டிரைவ் அட்டையில் என் எண் இருந்தது. ஒரு பிற்பகல் கடையில் யாருடைய போனையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது அந்த அழைப்பு வந்தது.

பெங்களூரில் ஒரு பெரிய இசைக் கம்பெனி. பேசியவர் தமிழர். கௌரியின் குரலைப் பற்றி நிறையச் சொன்னார். அவளை வைத்து ஓர் ஆல்பம் செய்ய வேண்டும், வாசிப்பவர்கள் அவர்களுடைய ஆட்கள், பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. அவளுடைய எண் வேண்டும் என்றார்.

"எங்க பேண்டோடதானே சார்?" என்று கேட்டேன்.

"இல்லங்க, அவங்க மட்டும் போதும். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலைக்கு எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா எங்களுக்கு வேண்டியது அந்தக் குரல்தான்."

அவங்க மட்டும் போதும்... அந்தச் சொற்களை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது கையில் இருந்த சிறு திருகாணி கீழே விழுந்து எங்கோ உருண்டது. நான் குனிந்து தேடினேன். தேடிக்கொண்டே சொன்னேன்:

"அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார். பாடறத விட்டுட்டாங்க."

"ஓ..." என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஒரு பெண் கல்யாணமாகிப் பாடுவதை விட்டுவிட்டாள் என்றால் நம் நாட்டில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அது தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேனா? நாக்கில் தானாக வந்ததா? எத்தனையோ முறை என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். தானாக வந்தது என்றால் இன்னும் மோசம் என்றுதான் தோன்றுகிறது.

நியாயம் கற்பித்துக்கொண்டேன். அப்போது அவளுடைய பாட்டுகளை மட்டும் வைத்து எங்கள் அடுத்த ஆல்பம் பாதி முடிந்திருந்தது. அவள் போய்விட்டால் லேபிள் என்ன ஆகும்? ஆல்பம் வெளிவரட்டும், பிறகு நானே பெங்களூருக்குப் பேசுகிறேன்... இப்படி. பேசவில்லை. அவர் இன்னொரு முறை அழைத்தபோது எடுக்கவும் இல்லை.

சில வாரங்கள் கழித்து ஒத்திகை முடிந்து முருகேசன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது கௌரி என்னிடம் வந்தாள். அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"சகாயண்ணா, வெளிய இருந்து யாராச்சும் கூப்ட்டாங்களாண்ணா? பெரிய எடமா இல்லாட்டியும் பரவால்ல. ஒருத்தரு கூப்ட்டாங்கன்னு சொன்னா வூட்ல கொஞ்ச நாளைக்குக் கல்யாணப் பேச்சை நிறுத்துவாங்க. எங்கம்மா எம்பக்கம்தான். எங்கண்ணன்கிட்டக் காட்டறதுக்கு ஒண்ணு வேணும்."

நான் கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா. கூப்ட்டா சொல்லமாட்டனா?"

"சரிங்கண்ணா" என்று சிரித்தாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இப்போது முருகேசன். ஒரு குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்க அவன் பெங்களூருக்குப் போயிருந்தான். அங்கே அந்தக் கம்பெனிக்காரர் அவனைப் பார்த்து, "நல்ல குரல், கல்யாணம் பண்ணி முடக்கிட்டாங்களே" என்று வருத்தப்பட்டிருக்கிறார். முருகேசன் அவரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தகவல் தவறு, அவள் இன்னும் பாடுகிறாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

ஊருக்கு வந்தவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான்... அதுதான் இன்றும் என்னால் ஏற்க முடியாதது. சட்டையைப் பிடித்திருக்கலாம். நாலு அறை அறைந்திருக்கலாம். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் நான் ஷெட்டுக்குப் போனபோது கௌரியின் பாட்டுகள் இருந்த ஹார்ட் டிஸ்க் இல்லை. அது மட்டும்தான் இல்லை. மற்றவர்களின் பாட்டுகள், என்னுடையவை, எல்லாம் அலமாரியில் வைத்த இடத்தில் இருந்தன. பூட்டு உடைந்திருக்கவில்லை. அவனுடைய சாவியால் அவனுடைய ஷெட்டைத் திறந்து, எங்கள் விதிப்படி அவளுடையதை அவளுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தான். அன்று காலை பஸ்ஸில் கௌரியையும் அவள் அம்மாவையும் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான்.

போனில் கூப்பிட்டுக் கத்தினேன். என்னிடம் சொல்லாமல் எப்படி எடுக்கலாம், இதற்கா நாம் சேர்ந்து உழைத்தோம், துரோகி என்றேன். அவன் முழுவதையும் கேட்டான்.

"நீ சொன்ன பொய்ய நான் யாருகிட்டயும் சொல்லல. கௌரிகிட்டயும் சொல்லல. அத நீயே சொல்லிடுடா."

வைத்துவிட்டான்.

நான் அந்த வெற்று அலமாரித் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். நம்புங்கள், அது நடிப்பில்லை. பொய் சொன்னவனுக்குத் துரோகம் வலிக்காதா? வலித்தது. என்னை விட்டுவிட்டு அவர்கள் மூவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது. அந்த எரிச்சலைத்தான் உங்களுக்குப் பேட்டிகளில் காட்டினேன். அதற்குக் காரணம் யார் என்பதை மட்டும் மறைத்தேன்.

பெங்களூரில் காரியம் கைகூடவில்லை. நான் பொய் சொன்ன பிறகு அவர்கள் வேறொரு பாடகியை எடுத்திருந்தார்கள். முருகேசன் மன்றாடியதால் கௌரியை வைத்து ஒரு பாட்டுப் பதிவு செய்தார்கள். அது வெளிவரவே இல்லை. அவள் திரும்பி வந்தாள்.

வந்தவள் நேரே என் கடைக்கு வந்தாள். அதற்குள் நான் எல்லாரிடமும் பேசியிருந்தேன். முருகேசன் பாட்டை விற்றுவிட்டான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

"முருகேசண்ணா எம்பாட்ட அவங்ககிட்ட வித்துட்டாராண்ணா? அதுக்குத்தான் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரா?"

நான் சொன்னேன்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமத்தாம்மா எடுத்துக்கிட்டுப் போனான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைப் போலப் பெரிய பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அவள் நம்பினாள். முருகேசன் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வாங்கிக்கொண்டு, இனி வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்றாளாம். அப்போதும் அவன் என் பொய்யை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஓசூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். பாடுவதில்லை. நான் போனில் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

முருகேசன் டிரம்ஸை விற்றான். கிணற்றை ஆழப்படுத்தி, மல்பெரி வைத்து, ஷெட்டில் மறுபடியும் புழு வளர்க்கிறான். நான் ஒரு லேபிளின் சோகமான நிறுவனர் ஆனேன். பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருடா வருடம் போய் முழங்காலிட்டிருக்கிறேன். கோபப்பட்டேன், அம்மாவிடம் கடுமையாகப் பேசினேன் என்பேன். இதைச் சொன்னதில்லை. சாமியார் மன்னித்துவிடுவாரே என்றுதான் பயம். கௌரி இருக்கும்போது அவர் யார் மன்னிக்க?

பிறகு ஏன் இப்போது சொல்கிறேன் என்கிறீர்களா?

சில மாதங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்தாள். சின்ன லேபிள்களின் ஆரம்ப கால வரலாற்றை எழுதுகிறாளாம். வழக்கம்போலக் கதையைச் சொன்னேன். முருகேசனையும் பார்க்க வேண்டும் என்றாள். பேசமாட்டான் என்றேன். அவள் கேட்காமல் போய்விட்டு வந்தாள்.

"பேசினாருங்க சார். 'சகாயம் சொல்றதுதாங்க. எனக்கு வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல'ன்னுட்டாரு. அப்ப நீங்க சொன்னதையே எழுதிக்கலாம்ல?"

அவள் குரலில் சந்தேகமே இல்லை. என் பொய்க்கு அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்... எழுத வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அவளை அனுப்பினேன். அன்றே அதியமான்கோட்டைக்குப் போனேன்.

முருகேசன் புழுக்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான். நரைத்துவிட்டான். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குத் தெரிந்ததையே அவனிடம் சொன்னேன்.

"கௌரிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லடா."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட வந்த?"

கீழே சிந்தியிருந்த இலையை எடுத்துத் தட்டில் போட்டேன்.

"ஏன்டா நீயாவது சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றான். "கொஞ்ச நாள் கழிச்சு அந்த நெனப்பும் போயிடுச்சு." அடுத்த தட்டுக்கு நகர்ந்தான். ஷெட் முழுக்க ஆயிரமாயிரம் வாய்கள் இலை தின்னும் சத்தம். உட்கார் என்று அவன் சொல்லவில்லை.

ஓசூருக்குப் போனேன். கௌரி கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தாள். "வாங்கண்ணா, வாங்க. எத்தன வருசமாச்சு." காபி கொண்டுவந்தாள். எதிரே உட்கார்ந்தாள். இப்போதும் அவளுக்கு நான், அவளைப் போலவே ஏமாற்றப்பட்ட ஓர் அண்ணன்.

சொன்னேன். பெங்களூர் அழைப்பு, கல்யாணம் ஆகிவிட்டது என்று நான் சொன்னது, டிஸ்க், முருகேசன், எல்லாம். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாராச்சும் கூப்ட்டாங்களான்னு அன்னிக்கு நான் உங்களக் கேட்டேனே... அதுக்கு முன்னாடியே கூப்ட்டாங்களா, பின்னாடியா?"

அவள் கண்கள் என் மேல் இருந்தன. ஒரே ஒரு இடத்தையாவது எனக்காக விட்டுவைக்க அவள் விரும்பினாள் என்று நினைக்கிறேன். கேட்ட நேரத்திலாவது நான் அவளிடம் உண்மையாக இருந்தேனா என்று.

"பின்னாடிதாம்மா" என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "முருகேசண்ணாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க கிளம்புங்க."

என்னை அண்ணா என்று அழைக்கவில்லை. நான் குடிக்காத காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் திரும்பி வருவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

மன்னிப்பு கேட்கப் போன இடத்தில் மறுபடியும் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள் வீட்டுக்கு இன்னொரு முறை போகும் துணிச்சல் எனக்கு இல்லை. அதனால் இங்கே, உங்களிடம், அச்சில் சொல்கிறேன். கௌரி புத்தகங்கள் படிப்பவள். இதையும் என்றாவது படிப்பாள்.

முன்னாடிதான் கௌரி. நீ என்னிடம் கேட்பதற்கு முன்னாடிதான்.